பிச்சம்மாளின் இங்கிலீஷ் பரீட்சை

பிச்சம்மாள் எதைச் சொல்வதானாலும் முதலில் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்பதென்றாலும் அப்படித்தான். உதடு அசையும், சத்தம் வராது. பாதி நாள் கேட்காமலே விட்டுவிடுவாள். கல்யாணமாகி மலையாள நாட்டு வலியசாலைக்கு வந்த நாளிலிருந்து கணவன் வேலப்பன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு வருஷமாக அந்த உதட்டுக்கு வேறு வேலை. 'கிவ் அப், கேவ் அப், கிவன் அப்.'

அங்கன்வாடியில் அவள் உதவியாள். சமைப்பாள், குழந்தைகளைத் தூங்கவைப்பாள். பத்தாம் வகுப்பு தேறினால் டீச்சர் வேலைக்குக் கேட்கலாம். தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று திருநெல்வேலியில் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். படிப்பை விட்டவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

மற்ற பாடங்கள் எப்படியோ போயின. இங்கிலீஷில்தான் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதும் பொருளே மாறிவிடுகிறது. போதாததற்கு, நேற்று நடந்ததற்கு ஒரு வடிவம், நடந்து முடிந்ததற்கு இன்னொன்று. 'புட் ஆஃப்' மட்டும் மூன்று இடத்திலும் மாறாமல் நின்றது. அதன்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

வகுப்பில் மாஸ்டர் எழுப்பிக் கேட்டால் வாய் திறக்காது. குழந்தைகளிடம் மட்டும் திறந்தது. மத்தியானத் தூக்கம் முடிந்ததும் ஒவ்வொரு முதுகாகத் தட்டி, 'வேக் அப், வோக் அப், வோக்கன் அப்' என்பாள். பாய் சுருட்டும்போது, 'ரோல் அப், ரோல்டு அப், ரோல்டு அப்.' குழந்தைகளும் கூடச் சொல்லும்.

ஒருநாள் மகளை அழைத்துப் போக வந்த ஆஷா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "சேச்சி, காலையில இவ என்னைய வோக்கன் அப்புனு சொல்லி எழுப்புதா. நீங்க இங்க கான்வென்டா நடத்துதிய?"

பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன வருஷம் பரீட்சைக்குப் போனவள் பள்ளிக்கூட வாசலோடு திரும்பிவிட்டாள். இங்கிலீஷ் பரீட்சை நடக்கிற நேரத்தில், சாலைக் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவளை, தான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் நின்ற வேலப்பன் பார்த்தான். இறங்கி வந்து, கனமாக இருந்த பையை வாங்கிக்கொண்டான்.

இந்த வருஷம் அவனே கூட வந்தான். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்தார்கள். வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

"கேட்டியளா, வயித்தைக் கலக்குது."

"கலக்கட்டும். கக்கூஸ் உள்ளதான் இருக்கு. நான் வாச்மேன்கிட்ட விசாரிச்சாச்சு."

"வெளையாடாதிய."

"வெளையாட்டா? இடப்பக்கம் ரெண்டாவது கதவு. தண்ணியும் வருதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க முடியாமல், அதோடேயே உள்ளே போய்விட்டாள்.

வினாத்தாளில் கோடிட்ட இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவத்தையும் சொல்லிப் பார்த்து, வேண்டியதை எழுதினாள். மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த மேற்பார்வை டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து, பாதி மலையாளத்தில் சொன்னார்.

"சேச்சி, ஒச்ச வேண்டா. மனசுல சொன்னா மதி."

பிச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பியிருந்தார்கள். அவளைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை.

வெளியே வந்ததும் வேலப்பனிடம் முதலில் அதைத்தான் சொன்னாள். எப்படி எழுதினாய் என்று அவன் கேட்க நேரமே கொடுக்கவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் அவள்தான் பேசினாள். அவன் ஜன்னல் ஓரத்து இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டே வந்தான்.

இங்கிலீஷில் தேறிவிட்டாள். கணக்கில் போய்விட்டது. கணக்கை மட்டும் மறுபடி எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். அந்தப் பரீட்சை அன்றைக்குக் கடைக்கு லீவு போட வேண்டாம் என்று வேலப்பனிடம் சொல்லிவிட்டாள். அங்கன்வாடியில் அவள் இப்போதும் உதவியாள்தான்.