ஜப்பான் எனக்கு, ஸ்காட்லாந்து அவளுக்கு

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, உலக இசைக்கருவிகளைப் பற்றி ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவர எங்கள் டீச்சர் ஆசைப்பட்டார். நாடுகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். எனக்கு ஜப்பான் வந்தது. பக்கத்தில் உட்காரும் என் சிநேகிதிக்கு ஸ்காட்லாந்து. அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவே இல்லை. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து ஸ்ரீபெரும்புதூர் நூலகத்துக்கு அழைத்துப் போனார். ஒரு தடித்த புத்தகத்தில் கோட்டோ என்ற ஜப்பானிய வாத்தியம் கிடைத்தது. நீளப் பலகையில் தந்திகளை இழுத்துக் கட்டியிருப்பார்களாம். விரலில் நகம்போல் ஒன்றை மாட்டிக்கொண்டு மீட்டுவார்களாம். அடித்து அடித்து எழுதி ஒரு பக்கம் தேற்றினேன். வகுப்பில் என்னுடையதுதான் முதலில் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை அவள் தன் சித்தப்பாவோடு வந்தாள். அவர் பட்டாளத்து பேண்டு வாத்தியக் குழுவில் பேக்பைப் வாசிப்பவர்; தோல்பையில் குழல்களைச் செருகிய கருவி அது. லீவில் வந்தவர், பழுது பார்ப்பதற்காக அதையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களோடு வந்த வாத்தியம் நம் பட்டாளத்திலேயே தங்கிவிட்டது என்று டீச்சரிடம் சொன்னார்.

சத்தம் வரக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் ஊதிப் பையை அமுக்கியதும் முதலில் கன்றுக்குட்டி கத்துவது போல் ஏதோ வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்; நான் கூடுதலாகவே சிரித்தேன். அதற்குப் பிறகு பாட்டு வந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் தொங்கினார்கள். தலைமையாசிரியரே வந்து நின்றார்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராகப் போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் தேடி வந்தாள்.

"இன்னாடி, இங்க நின்னுகினுகீற? வந்து அமுக்கிப் பாரு. சித்தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"எனுக்கு வேணாம்."

அன்று மத்தியானமே பத்திரிகையின் அட்டையில் பேக்பைப்பை வரைந்தார்கள். அவள் எழுதியிருந்தது நாலைந்து வரிதான். என் கோட்டோ நடுப்பக்கம் எங்கேயோ போய்விட்டது. டீச்சர் அதன் கீழே சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஏரிக்கரையில், என் கருவி எப்படிச் சத்தம் போடும் என்று அவள் கேட்டாள். புத்தகத்தில் அது போட்டிருக்கவில்லை. வீணை மாதிரி இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

"அப்ப உன்துதான் நல்லாருக்கும். இது காதக் கிழிக்குது," என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்லியிருப்பாள். எனக்கோ இன்னும் எரிந்தது. வேண்டாம் என்று தள்ளிப் பேசவும் அவளிடம் ஒன்று இருந்ததே.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் சித்தப்பா மறுபடி வாசித்தார். நாலு வீடு தள்ளி, நான் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் படித்தேன். அம்மா வந்து கதவைத் திறந்துவிட்டு, ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.