ஆளுக்கொரு டிஸ்க்

ஃபிஜித் தீவின் லௌடோகாவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் உர்மிளாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததும் பாதி ஊர் மூட்டை கட்டத் தொடங்கியது. அவள் தங்கை சுஷீலாவுக்கு நவம்பரில்தான் கல்யாணம். மாப்பிள்ளை ரவீனேஷ் முன்னதாக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். சுஷீலாவின் விசாவுக்குக் கல்யாணப் போட்டோ கேட்டார்கள். ஆல்பமோ இன்னும் போடவில்லை. படமெல்லாம் பிஜேந்திரா சகோதரர்களின் ஸ்டுடியோவில், உர்மிளாவே அமைத்துக்கொடுத்த 'ரெய்டு' என்ற டிஸ்க் தொகுப்பில் இருந்தன. மூன்று டிஸ்க், ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து அதிலிருந்ததை மீட்டுக்கொடுக்கும்.

"என் கைவேலைடி, கவலையே படாதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரே ஒரு டிஸ்க்.

"அண்ணே, மத்ததெல்லாம் எங்க?"

கடைசித் தம்பியான பிஜேந்திரா தலையைச் சொறிந்தான். "பாகம் பிரிச்சோம் உர்மிளா. கேமரா, லைட்டு, எல்லாம். டிஸ்க்கு மூணு, நாங்களும் மூணு பேரு. ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டோம். பெரியவரு சிட்னிக்குக் கொண்டுபோயிட்டாரு. நடு அண்ணனுக்கு இன்னிக்கு சாயந்திரம் ப்ளேன்."

"அரே ராம்! கோழிய மூணா வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டு, முட்டைக்குக் காத்திருக்கீங்களா?"

டாக்சி பிடித்துப் பக்கத்து ஊரான ட்ராசாவுக்கு ஓடினாள். நடு அண்ணன் ஷைலேந்திரா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை.

"அது என் பங்கு. அவனுக்கு ஏன் தரணும்?"

"அங்க போய் மாட்டிப் பாருங்க, ஒரு படம் தெரியாது. தம்பிகிட்ட இருக்கிறதும் அப்படித்தான். இதைக் குடுங்க, மூணு பேருக்கும் முழுசா காப்பி போட்டுத் தர்றேன். உங்களுது தபால்ல வரும்."

"முழுசுமா?"

"ஒரு படம் குறைஞ்சாலும் என் பேரு உர்மிளா இல்ல."

முனகிக்கொண்டே பெட்டியை அவிழ்த்தார்.

திரும்பும் வழியில் டிஸ்க் மடியில் இருந்தது. செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? தங்கை இங்கேயே இருப்பாள். அந்த நினைப்பு இனித்தது. அடுத்த நிமிஷமே, சீ, நானும் ஒரு அக்காவா என்று வெட்கமாகப் போயிற்று.

ஸ்டுடியோவுக்குப் போய் இரண்டையும் மாட்டினாள். ஒரு டிஸ்க் காணோம் என்று கம்ப்யூட்டர் புலம்பிவிட்டு வழிக்கு வந்தது. திரையில் சிவப்புச் சேலையில் சுஷீலா சிரித்தாள். காலி இடத்தில் புது டிஸ்க்கைப் போட்டதும், பெரியவர் கொண்டுபோனதை மற்ற இரண்டும் சேர்ந்து அதில் எழுதத் தொடங்கின.

விசா வந்தது. நாந்தி விமான நிலையத்தில் சுஷீலா அக்காவைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

"நீயும் வந்துடேன் அக்கா."

"அப்பா அம்மாவ யாரு பாத்துக்குவா? நீ தைரியமா போ."

வீடு திரும்பும் பஸ்ஸில் உர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, சோத்தைக் குறைச்சு வடிச்சுடாதே. அவளுதையும் சேத்து நானே சாப்பிட்டுக்கிறேன்."