மதினியின் தக்காளிக்கு அஞ்சல்காரர் சொன்ன நல்ல வார்த்தை

எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்தில் நன்றாக விளைந்த எதையும் அடுத்தவர் கண்ணில் காட்ட மாட்டார்கள். பூசணிக்காய் கொஞ்சம் பெரிதானால் ஓலையைப் போட்டு மூடிவிடுவார்கள். புடலம் பந்தலில் பிய்ந்த செருப்பு தொங்கும். அப்படிப்பட்ட ஊரில் காய்கறிக் காட்சி நடத்தலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியது என்றால், அவனுக்கு மூளை கொஞ்சம் குறைவு என்றுதான் அர்த்தம். அந்த ஒருவன் நான்தான்.

சுதந்திரம் வந்து, திருவிதாங்கூரோடு கொச்சியையும் சேர்த்திருந்த சமயம் அது. கொட்டாரத்துக்கு வடக்கே நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். இருபத்துநாலு வயது. ஊர் வாசகசாலைக்குக் காரியதரிசி என்ற பட்டமும் உண்டு. எங்கோ வெளியூரில் வீட்டுத் தோட்டக் காட்சி நடந்ததாகப் பத்திரிகையில் படித்துவிட்டு, தை மாசம் நாமும் நடத்துவோம் என்று கமிட்டியில் பேசி எல்லாரையும் தலையாட்ட வைத்தேன்.

முதல் வருஷம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லா வீட்டிலிருந்தும் காய் வந்தது. வந்ததெல்லாம் சூம்பலும் சொத்தையும்தான். நல்லதை வீட்டில் ஒளித்துவிட்டு, மாட்டுக்குப் போடுவதைக் காட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கும் கண் பட்டுவிடுமோ என்று சுண்ணாம்புப் பொட்டு வேறு. பரிசு கொடுக்க வந்திருந்த விவசாய அதிகாரி வெளியூர்க்காரர். ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, “எல்லாக் காயிலும் வெள்ளை வெள்ளையா இருக்கே, இது என்ன நோய்?” என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “ஏதோ பூஞ்சை போல இருக்கு சார்” என்றேன். பாவம் மனுஷன், ஒரு காகிதத்தில் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வருஷம் கொஞ்சம் புத்தி வந்தது. எந்தக் காய் யாருடையது என்று எழுதி வைக்காமல் நம்பர் மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம். வாசலில் பெரிய கரிச்சட்டியில் கண்ணும் பல்லும் வரைந்து கவிழ்த்து வைத்தோம். வருகிறவர்களின் முதல் பார்வையை அது வாங்கிக்கொள்ளும். இதற்குப் பிறகு ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. ஆளுயரப் புடலங்காய், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய காய்ச்சில் கிழங்கு, யாருமே முன்பு பார்த்திராத சதுரப்பயறு, அடிமரத்தோடு ஒட்டிக் காய்த்த புளிச்சிக்காய்க் கொம்பு என்று ஒவ்வொன்றும் வருவதாகப் பேச்சு வந்தது. ஒரே ஒரு தடைதான் மிச்சம். அது அஞ்சல்காரர்.

திருவிதாங்கூர் அஞ்சலில் கடிதம் கொண்டு வருகிறவர் அவர். பின்னால் அந்த இலாகாவை இந்தியத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு அவர் கடைசிவரை அஞ்சல்காரர்தான். ஐம்பதை நெருங்கிய ஒற்றை ஆள். அவருக்குக் கரிநாக்கு என்று பெயர். வாய் திறந்து எதையாவது நல்லது என்று சொன்னால் அது பட்டுப்போகும் என்பார்கள். வாலிபத்தில் ஒரு வீட்டுப் பலாவைப் பார்த்து, “அம்மாடி, என்னா காய்ப்பு!” என்றிருக்கிறார். அந்த வாரமே காற்றில் மரம் முறிந்தது. பிறகு ஒரு கறவை மாடு. இரண்டே இரண்டுதான். ஊருக்கு அது போதாதா?

அன்றிலிருந்து அவர் எதையும் நல்லது என்று சொன்னதில்லை. வேலி வேலியாக நடந்து கடிதம் கொடுக்கிற வேலை. எங்கள் ஊர்த் தோட்டங்களை அவர் அளவுக்குத் தினமும் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் தலையைக் குனிந்தபடி வருவார், கடிதத்தை நீட்டுவார், போய்விடுவார். அவர் வருகிற சத்தம் கேட்டால் பெண்கள் பந்தலுக்கு ஓடுவார்கள், ஓலையால் மூட. அதை அவரும் பார்ப்பார். செடி என்றால் உயிரை விடுகிற மனுஷருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்த வயதில் நான் யோசிக்கவில்லை.

யோசித்தது மதினி. என் அண்ணன் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மதினி எங்களோடு ஊரில் இருந்தாள். அண்ணன் தோட்டத்துத் துரை வீட்டிலிருந்து சீமைத் தக்காளி விதை வாங்கி ஒரு கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார். அந்தக் கவரை அஞ்சல்காரர் கொடுக்கும்போது லேசாக ஆட்டிப் பார்த்து, “விதையா மக்ளே?” என்று கேட்டாராம். “ஆமா மாமா, தக்காளி. முளைச்சா காட்டுதேன்” என்று மதினி சொல்லிவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வேலி பக்கம் வரும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் மெதுவாகும் என்று அவள் கவனித்திருக்கிறாள்.

எங்கள் வீட்டு அடுக்களைக்குள் அதுவரை தக்காளி நுழைந்ததில்லை. வெட்டினால் ரத்தம் மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்கு அதன் நிறமே ஆகாது. மதினி எதிர்த்துப் பேசவில்லை. வாய் உடைந்த பானையில் மண் நிரப்பிக் கிணற்றடியில் வைத்து வளர்த்தாள். சாம்பல் போட்டாள், ஆட்டுப் பிழுக்கை போட்டாள், கம்பு நட்டுக் கட்டினாள். தை பிறந்தபோது அந்தச் செடியில் ஒன்பது காய். ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறையும். நாட்டுத் தக்காளியே அதிகம் பார்த்திராத எங்களுக்கு அது பெரிய அதிசயம்தான்.

காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். “அஞ்சல்காரரு வந்தா ஒருத்தரும் காய் கொண்டு வரமாட்டாவ. நீராக்கும் காரியதரிசி. பக்குவமாட்டு சொல்லிடும்” என்றார். நான் போனேன். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் நின்று மழை, வயல், வக்கீல் ஆபீஸ் என்று என்னவோ உளறினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அன்னைக்கு எனக்குத் தக்கலையில ஒரு சோலி இருக்கு, தம்பி. வர முடியாது. தப்பா நினைக்காதீரும்” என்றார். அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன். அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

விஷயத்தைக் கேட்ட மதினி அரிவாள்மணையிலிருந்து எழுந்தே விட்டாள். “நீராக்கும் போய்ச் சொன்னது?”

“நான் ஒண்ணும் சொல்லல்ல மதினி. அவராத்தான் வரல்லன்னு சொன்னாரு.”

“அது இன்னும் கேடு” என்றாள். திரும்ப உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கினாள்.

காட்சியன்று காலை வாசகசாலையில் நல்ல கூட்டம். எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. மதினியின் மேசை மட்டும் காலி. ஒன்பது மணி வாக்கில் வாசலில் ஒரு சலசலப்பு. பார்த்தால் மதினி முன்னால் வருகிறாள், அவளுக்குப் பின்னால் தக்காளிப் பானையைத் தோளில் சுமந்துகொண்டு அஞ்சல்காரர். பானையை யாரையோ கொண்டு தலையில் தூக்கி வைத்து அவர் வீட்டுவரை கொண்டுபோயிருக்கிறாள். அங்கே இறக்கி வைத்து, “இதுக்கு மேல எனக்குச் சுமக்க முடியல்ல மாமா, வாசகசாலைவரை கொண்டு தாருங்கோ” என்று சொல்லியிருக்கிறாள். செடியை வழியில் விட்டுவிட்டுப் போகிற மனசு அவருக்கு ஏது?

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆளாளுக்குத் தோள் துண்டை உருவித் தங்கள் காய்கள் மேல் போட்டார்கள். அஞ்சல்காரர் யாரையும் பார்க்காமல் பானையை மேசையில் இறக்கிவிட்டுத் திரும்பினார். மதினி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலத்தில் பெண்கள் சபையில் குரல் எழுப்ப மாட்டார்கள். அவள் எழுப்பினாள்.

“செடி எப்படி இருக்குன்னு சொல்லிட்டுப் போங்கோ, மாமா.”

“வேண்டாம் மக்ளே.”

“என் செடியாக்கும். பட்டா எனக்குத்தானே நட்டம்? சொல்லுங்கோ.”

அவர் செடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். “அடி இலையைக் கிள்ளி விட்டிருக்கே, அது நல்ல காரியம். உள்ளே காத்து ஓடும். காம்புப் பக்கம் பச்சை நிக்காம ஒண்ணுபோல பழுக்குது. கொப்பைக் கட்டினது வலிக்காம கட்டியிருக்கு.” பானையின் விளிம்பில் கை வைத்தார். “எத்தனையோ தோட்டம் பார்த்தாச்சு. இப்படி ஒரு செடி நான் கண்டதில்ல. நல்லா இருக்கு மக்ளே. ரொம்ப நல்லா இருக்கு.”

தலைவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். எட்டு நாள் பார்ப்போம், செடிக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து அஞ்சல்காரரே பரிசு சொல்லட்டும், வாடிவிட்டால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். எல்லாரும் சரி என்றார்கள். மதினியும் சரி என்றாள். அஞ்சல்காரர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

செடியைத் திரும்பக் கிணற்றடியில் கொண்டு வைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. தயிருக்கு உறை மோர் கேட்டு ஒருத்தி, காணாமல் போன கோழியைத் தேடி ஒருத்தி. எல்லார் கண்ணும் கிணற்றடியில். மூன்று நாள் செடி ராஜா மாதிரி நின்றது. நாலாம் நாள் மாலை கொழுந்து தலை கவிழ்ந்தது. தண்ணீர் ஊற்றினோம். ஐந்தாம் நாள் விடிகிறபோது செடி முழுவதும் துணி மாதிரி தொங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷரைப் பேச வைத்து, இப்படி ஆகிவிட்டதே! இனி அவர் சாகிறவரை ஊர் இதையே சொல்லும்.

மதினி அழவில்லை. “கொழுந்தனாரே, ஒரு கை பிடிக்க வாரும்” என்று என்னை வைக்கோற்படப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள். படப்புக்கும் சுவருக்கும் நடுவில் அதே போல வாய் உடைந்த இன்னொரு பானை, அதில் அதே போல ஒரு தக்காளிச் செடி. அதைவிட நெடிது, அதைவிடப் பச்சை. காய்தான் ஏழு.

“இது எப்ப மதினி?” என்றேன்.

“அதே விதைதான்.” அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. “நல்லது இதாக்கும். கண் பட்டிரும்னு பயந்து இங்க வச்சேன். நானும் உங்க ஊர்க்காரிதானே!”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே பானையைத் தூக்கிப்போய்க் கிணற்றடியில் மாற்றி வைத்தோம். வாடினதைப் படப்புக்குப் பின்னால் தள்ளினோம். ஒன்பது காய் ஏழானதற்குக் காரணம் வேண்டுமே? மதினி வாடின செடியில் பழுத்திருந்த இரண்டைப் பறித்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போனாள். அம்மா என்ன ஏது என்று கேட்பதற்குள் ரசத்தில் போட்டு நசுக்கிவிட்டாள். உறை மோருக்கு வந்தவளிடம், “ரெண்டைப் பறிச்சு ரசம் வச்சாச்சு, வாசம் வருதா?” என்று கேட்டாள். அம்மா அன்று முறைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். ஆனால் இரண்டாம் தடவை ரசம் வாங்கினாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் நாள் தலைவரும் கமிட்டியும் ஊரில் பாதியும் எங்கள் கிணற்றடியில் கூடினார்கள். செடி தளதளவென்று நின்றது. தலைவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கரிநாக்காவது ஒண்ணாவது” என்றார், அதை முதலிலிருந்தே சொல்லி வந்தவர் மாதிரி. அஞ்சல்காரரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். அவர் குனிந்து இலையைப் பார்த்தார். கொப்பு பிரிகிற இடத்தைப் பார்த்தார். ஒரு காயை விரலால் தொட்டார். பிறகு நிமிர்ந்து, “அன்னைக்குப் பார்த்ததைவிட நல்லா இருக்கு” என்றார். கூட்டம் கை தட்டியது.

எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மதினியிடம் மெதுவாகக் கேட்டார். “வாடினதை எருக்குழியில போட்டியா மக்ளே?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கேயோ பார்த்தேன்.

“போட்டிராதே, தீயில சுட்டுக் களைஞ்சிரு. கத்தரி நின்ன இடத்து மண்ணா எடுத்தே? அதுல வாட்ட நோய் கிடக்கும். அந்த மண்ணைத் தோட்டத்துல தட்டாதே.” அவ்வளவுதான் சொன்னார். வேலியைத் தாண்டிப் போகிறபோது மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதினி கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள்.

அடுத்த வருஷத்திலிருந்து அஞ்சல்காரர்தான் பரிசு சொன்னார். இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம்வரை ஒரு தையும் தவறவில்லை. மேசை மேசையாக நின்று அவர் பேசுவதைக் கேட்கவே கொட்டாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரு கிழங்கைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு அதன் மேல் ஆசை வந்துவிடும். அத்தனை வருஷத்துப் பாராட்டையும் அடக்கி வைத்திருந்தவர் அல்லவா? அதற்குப் பிறகு யாரும் துண்டு போட்டு மூடியதில்லை. “என் காயைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கோ அண்ணாச்சி” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள்.

மதினியின் தக்காளி மேசைக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுவார். மற்றதற்கெல்லாம் ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் நிற்பார். மண்ணில்தான் வாட்டம் இருந்தது என்று கண்டு சொன்னவர் அவரேதான். இருந்தும் அந்தச் செடிக்கு முன்னால் ஒரு வருஷம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, முதல் பரிசுச் சீட்டைப் பானையில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.