லண்டன் வார்டில் நான் கற்ற இங்கிலீஷ்

மருந்து கொடுப்பதெல்லாம் அப்புறம். நோயாளி என்ன சொல்கிறார் என்று புரிவதுதான் டாக்டர் தொழிலில் பாதி. மதுரையில் படித்துவிட்டு, எண்பதுகளில் தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு மாத வேலைக்குச் சேர்ந்தேன். "நோயாளிகளின் பேச்சு பிடிபட்டால்தான் அடுத்த ஆறு மாதம்" என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். இலக்கணச் சுத்தமான இங்கிலீஷை நம்பி விமானம் ஏறிய என் கதியைச் சொல்லவா வேண்டும்?

முத்து முத்தாக

வார்டு நர்ஸ் மோரீன் அந்த ஊரிலேயே பிறந்தவர். நான் விழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு காகிதத்தில் பாடம் எழுதித் தந்தார். 'நாக்கர்ட்' என்றால் களைப்பு, 'ஜிப்' என்றால் வலி, 'டிக்கர்' என்றால் இதயம். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

படித்ததை எழுதாவிட்டால் நமக்குக் கை அரிக்குமே. ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில், 'இவர் நாக்கர்ட். முழங்கால் ஜிப் கொடுக்கிறது' என்று முத்து முத்தாக எழுதிவைத்தேன். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அதை உரக்கப் படித்தார்.

"இதை எழுதியது நீங்களா, நோயாளியா?"

நம்ம ஆள்

"உங்கள் ஆள் வந்திருக்கிறார்" என்று மோரீன் ஒருநாள் கூப்பிட்டார். கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா. அப்பாடா, தமிழ் என்று உட்கார்ந்தேன். "எப்பலேர்ந்து வலிக்குது? வாந்தி கீந்தி வந்துச்சா?" என்று மதுரைத் தமிழில் மூச்சுவிடாமல் பத்துக் கேள்வி கேட்டேன். அந்த அம்மா பொறுமையாக முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"டொக்டர், நீங்கள் இங்கிலீசிலயே கதையுங்கோ, எனக்கு அது விளங்கும்."

சட்டைக் காலர்

வில்ஃப் ரிட்டயர்டு பஸ் டிரைவர். நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று அவரை மனைவி இழுத்து வந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நாட் டூ பேட், டாக்" என்று சிரித்தார். மதுரையில் சாதாரண ஜலதோஷத்துக்கே "செத்தேன் டாக்டர்" என்றுதான் உள்ளே வருவார்கள். சத்தத்தை வைத்து நோயை எடைபோட்டுப் பழகிய காது எனக்கு. அஜீரணம் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு அனுப்பப் பேனாவை எடுத்தேன்.

மோரீன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இந்த ஊர் ஆண்கள் இதைவிட மோசமாக எதுவும் சொல்ல மாட்டார்கள். காலரைப் பாருங்கள்." வெளியே நடுங்கும் குளிர், அவர் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. இ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு.

வில்ஃப் பிழைத்துக்கொண்டார். மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், கண்டுபிடித்தது நானில்லை, மோரீன் என்று சொல்லிவிட்டேன். பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மோரீன் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா? இன்னும் ஆறு மாதம் இருங்கள்."

நான் கற்ற லண்டன் இங்கிலீஷ் அவ்வளவுதான்: புரியாவிட்டால் மோரீனைக் கூப்பிடு, புரிந்துவிட்டது என்று தோன்றினால் உடனே கூப்பிடு.