எந்தக் கரண்டி?

குளியலறையில் அக்கா தொப், தொப் என்று துணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அடியெல்லாம் தன் முதுகில் விழ வேண்டியவை என்று வாயாடிக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கவில்லை. மடியில் கிடந்த ஏழு மாத மகள் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வீறிட்டாள். அதுகூட யாரோ பக்கத்து வீட்டில் அழுவதுபோலத்தான் இருந்தது.

வாயாடி என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஓட்டல் விரிப்புகளுக்கு ஆவி பறக்க இஸ்திரி போடும் அந்த நீளக் கூடத்தில், இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும் ஒரே குரல் அவளுடையது. மேற்பார்வையாளர் தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடப்பதை நடித்துக் காட்டினால், மற்றவர்கள் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் பிரசவம் முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து பேச்சை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனவள் மாதிரி ஆகிவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். லாரி ஓட்டுகிற கணவன் வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம், "என்னைத் திட்டவாவது செய்யேன்" என்பான். திட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டாமா?

தாய்ப்பால் சுரக்கவில்லை. டப்பா பால் கொடுத்தார்கள். குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சோயா பவுடருக்கு மாற்றினார். தடிப்பு மறைந்தது, வயிறு சரியானது. எடை மட்டும் ஏறவில்லை. "சோயா குடிச்சும் பிள்ளைங்க நல்லாத்தான் வளரும். எத்தனை கரண்டி போடுறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். வாயாடி சரியாகத்தான் சொன்னாள்.

"அந்த மாட்டுத் தீவனத்தை நிறுத்துன்னு எத்தனை தடவைடி சொல்றது?" ஈரக் கையோடு வந்து நின்றாள் அக்கா. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் மடி நிறையாதவள். "என் வீட்டுப் பூனைகூட இவளைவிடக் கனம். உன் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன், உன் இஷ்டம்னுட்டார். தொட்டில்கூட வாங்கி மாட்டியாச்சு. சாயங்கால பஸ்ஸுக்கு இவளைக் கூட்டிட்டுப் போறேன். நானே வளர்த்துக்கறேன்."

"சரிக்கா."

அந்த 'சரி' அக்காவையே கொஞ்சம் பயமுறுத்தியது. மறுபடி துவைக்கப் போனாள்.

சற்று நேரத்தில் துணி அடிக்கும் சத்தம் நின்றது. அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியோடு திரும்பி வந்தாள்.

"இது ஏதுடி?"

"சலவைத்தூள் அள்றது."

"அது எனக்குத் தெரியாதா? எங்கேருந்து வந்துச்சு?"

"சோயா டப்பாக்குள்ள. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒண்ணு புதைஞ்சு கிடக்கும்."

"அப்ப நீ எதுலடி கலக்கற?"

வாயாடி அடுப்பு மேடையைக் காட்டினாள். முதலில் வாங்கிய பால் டப்பாவோடு வந்த கரண்டி அங்கே கழுவிக் கவிழ்த்திருந்தது. கரண்டி என்றால் கரண்டிதானே என்று அதையே வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சின்னதாக இருந்த பால் கரண்டியில் தண்ணீர் பிடித்துப் பெரிய சோயா கரண்டியில் ஊற்றினாள். பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான்.

எத்தனை கரண்டி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எந்தக் கரண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அடிப்பாவி! புள்ளைக்கு இத்தனை நாளா வெறும் தண்ணியைக் குடுத்திருக்கியே!" அக்கா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாயாடி அழுதிருக்க வேண்டும். சுவரில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளோ குழந்தையை இடுப்பில் வைத்தபடி டப்பாவைத் திறந்து, கழுவித் துடைத்த முள்கரண்டியால் பொடியைக் கிளறி, அடியில் கிடந்த கரண்டியை எடுத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியால் தலை தட்டிப் போட்டாள். குழந்தை குடித்தது. இந்த முறை வீறிடவில்லை. வாயோரம் நுரையோடு அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கை நீட்டினாள். "குடு. பொடியில தப்பில்ல, ஒத்துக்கறேன். ஆனா கரண்டியைக்கூடப் பார்க்காதவகிட்ட எந்த தைரியத்துல விட்டுட்டுப் போறது?"

வாயாடியின் கைகள் அசையவில்லை.

"குடுன்னா."

"வேணாம்க்கா."

"இப்பதானேடி சரின்னே! இவமேல உனக்குப் பாசம் இருக்கா, சொல்லு?"

வாயாடி உள்ளுக்குள் தேடிப்பார்த்தாள். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது.

"தெரியலக்கா. ஆனா கரண்டி எதுன்னு இப்ப தெரியும்."

அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். வீட்டில் ஆடாமல் தொங்கும் தொட்டிலை நினைத்தாளோ என்னவோ, குழந்தையின் உள்ளங்காலில் முகத்தை ஒருமுறை வைத்து எடுத்தாள். துவைத்த துணிகளை அவளே கொடியில் உலர்த்தினாள். பிறகு பையைத் தூக்கினாள்.

"வாரா வாரம் எடை பார்த்து போன் பண்ணு. பண்ணலைன்னா அடுத்த பஸ்லயே வந்து நிப்பேன். மறுபடி டாக்டர்கிட்ட போ. இவளை மட்டும் இல்ல, உன்னையும் காட்டு. கேக்குதா?"

"ம்."

"வாயாடியாம், வாயாடி!" என்று முணுமுணுத்தபடி அக்கா படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதாவது அழுகை வரும் என்று வாயாடி வாசலில் காத்து நின்றாள். வரவில்லை. தோளில் குழந்தை கனத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்தினாள்.