எமல்டா என்று ஒரு சாஃப்ட்வேர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எந்த வரிசையில் கிடக்கிறது என்பது பிராங்கிளின் ஒருவனுக்குத்தான் தெரியும். ராயபுரத்துக்காரன், அங்கே ரிக்கார்டு கிளார்க். தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். எட்டு மாதம் மல்லுக்கட்டி, பெட்டி நம்பரைத் தட்டினால் இடத்தைக் காட்டி, கேட் பாஸையும் அடித்துத் தரும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தானே எழுதி முடித்தான். அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம்.

மேனேஜர் பக்தவச்சலத்துக்கு வாயெல்லாம் பல்.

"ஒரு பேர் வெய்ப்பா. மொதலாளி கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார். பிறகு அவரே யோசனைகளை அள்ளிவிட்டார். யார்டு மாஸ்டர், யார்டு கிங், யார்டு 2000. அந்த வருஷங்களில் ரெண்டாயிரத்தை வாலில் கட்டாமல் எந்தச் சரக்கும் வெளியே வரவில்லை. முறுக்குக் கம்பெனிக்காரன்கூட விட்டுவைக்கவில்லை.

பிராங்கிளின் வீட்டுக்குப் போய் இதை மனைவி மெர்லினிடம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நம்ம பாப்பா பேரு வெச்சா இன்னா?"

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண். எமல்டா என்ற பேரை மெர்லின் ஆறாம் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் கோயிலில் சாமியார் தண்ணீர் ஊற்றிப் பேர் சொல்வதற்கு முன்னால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். ஞானத்தாயாக நின்று பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டிய பெரியம்மா மீஞ்சூரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். பிள்ளை காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டது. ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. இறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அதைவிடக் கொடுமையான காகிதம் ஒன்று உண்டா?

"ஒருத்தர்கூட அவள பேர் சொல்லிக் கூப்டலியே. அங்க நூறு பேர் கூப்டுவாங்க இல்ல?" என்றாள் மெர்லின்.

மறுநாளே அவன் அந்தப் பேரைப் புரோகிராமில் ஏற்றினான்.

நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் எமல்டா வந்தாள். இப்படியும் ஒரு பேரா என்று பக்தவச்சலம் முகத்தைச் சுளித்தார்; மூன்றே நாளில் அவரே "எமல்டாவைக் கேளுப்பா" என்றார். கிரேன்காரர்கள், டிரெய்லர் டிரைவர்கள், ஜன்னலில் பாஸ் கொடுக்கும் ஜெயக்கொடி என்று யார்டு முழுக்க அந்தப் பேர்தான். "எமல்டா சொன்னா கரீட்டா இருக்கும் மாமு." தினமும் சாயங்காலம் யார் யார் கூப்பிட்டார்கள் என்று மெர்லின் ஒன்றுவிடாமல் கேட்பாள். பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் பூரித்துப்போகும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரண்டு வந்து வந்து போனது. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. பாஸ் கிடைக்காமல் காத்துக்கிடந்த டிரைவர் துரை ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.

"இன்னா நைனா, எமல்டா செத்துட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிராங்கிளின் எழுந்து வெளியே மழையில் போய் நின்றான். துரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்றுபோன மெஷினை இந்த ஊரில் வேறெப்படிச் சொல்வார்கள்? அன்றிலிருந்து அதுவே வாடிக்கையாயிற்று. காலையில் ஒரு முறை செத்தாள், மதியம் இரண்டு முறை செத்தாள்.

"நின்னுடுச்சுன்னு சொல்லுங்கப்பா," என்று கெஞ்சிப் பார்த்தான்.

"இன்னா சார், மெஷினுக்குப் போய் இவ்ளோ மரியாதையா?" என்றாள் ஜெயக்கொடி.

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஆபீசில் உட்கார்ந்து, புரோகிராமில் அந்தப் பேர் வந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி அழித்தான். யார்டு 2001 என்று போட்டான். இரண்டே நாளில் யார்டும் வெறும் 'மெஷின்' என்று சொல்லப் பழகிக்கொண்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. மெர்லின் கேட்கும்போதெல்லாம், அன்றைக்குத் துரை இப்படிக் கூப்பிட்டான், மேனேஜர் அப்படிக் கூப்பிட்டார் என்று இட்டுக்கட்டிச் சொன்னான். பெண்டாட்டியைச் சந்தோஷமாக வைத்திருப்பதாக அந்தக் கெட்டிக்காரனுக்கு நினைப்பு.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். பாப்பாவின் கல்லறைக்குச் சேர்ந்தே போகலாம் என்று மெர்லின் பூவும் மெழுகுவர்த்தியுமாக யார்டுக்கே வந்துவிட்டாள். அவன் உள்ளே பெட்டி வரிசையில் எங்கோ இருந்தான். அவள் ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டிரைவர்கள் வந்தார்கள், போனார்கள். அந்தப் பேர் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

"எமல்டான்னு ஒண்ணு கீதாமே, எங்கம்மா?" என்று ஜெயக்கொடியிடம் கேட்டாள்.

"அதுவா? அது எப்பப் பாத்தாலும் செத்துக்கினே இருந்துச்சுக்கா. சார் பேரையே தூக்கிட்டாரு."

"அது எம் பொண்ணு பேரும்மா. பொறந்த மூணா நாளே பூட்டா."

ஜெயக்கொடி கையிலிருந்த பாஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

பஸ் ஸ்டாப் வரை மெர்லின் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பின்னாலேயே வந்த பிராங்கிளின் உளறிக்கொட்டினான்.

"அவங்க சொன்னத நீ கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்ட மெர்லின்."

"அவ செத்தது எனக்குத் தெரியாதா? பெத்தவ நானு. செத்துட்டாளான்னு கேக்கறதுக்காச்சும் அவ பேர சொன்னாங்க. அதையும் புடுங்கிட்டியே!"

மறுநாள் முதல் ஆளாகப் போய் எல்லா இடத்திலும் அந்தப் பேரைத் திரும்பப் போட்டான். பதினோரு மணிக்குக் கரண்டு போய் மெஷின் நின்றது. துரை ஜன்னலுக்கு வந்தான். அதற்குள் விஷயம் யார்டு முழுக்கப் பரவியிருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அடங்கிய குரலில் கேட்டான்.

"சார், அது... நின்னுடுச்சா சார்?"

அதற்குப் பிறகு அந்த யார்டில் ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று மெர்லினும் கேட்பதை விட்டுவிட்டாள்.