பூக்குழியில் சுடாத கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. வேப்பிலையைக் கடித்துக்கொண்டு பூக்குழி நெருப்பில் ஓட்டமும் நடையுமாய்ப் பாய்கிறவர்கள் ஒரு வகை. ஓரமாய் நின்று குலவை மட்டும் போடுகிற என்னைப் போன்ற புத்திசாலிகள் இன்னொரு வகை. போன திருவிழாவில் இரண்டிலும் சேராத ஒருவரைப் பார்த்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். பொகவந்தலாவை பஜாருக்குக் கருவாடு வாங்கப் போகிறவர் மாதிரி தீயில் நடந்தார். நட்டநடுவில் நின்று கும்பிட்டார், இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார், பிறகு மிச்சத்தையும் நடந்தார். சனம் விழுந்து விழுந்து அவர் காலைத் தொட்டது. "பூவுல நடந்தாப்ல இருந்துச்சுங்க" என்றார்.

நான் தொடவில்லை, அந்தக் காலையே உற்றுப் பார்த்தேன். நான் பக்கத்து ஆஸ்பத்திரியில் தாதி. இவர் மாதாமாதம் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கு எங்கள் கிளினிக்குக்கு வந்து, குளிசை மாத்திரைகளை வாங்கிப்போய், பாதியை லயத்து வரிசைவீட்டுக் கூரைத் தகரத்துக்குக் கீழே பத்திரப்படுத்துகிற ஆள். காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே போகிறது, செருப்பு போடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "அடுப்புகிட்ட நின்னா ரப்பர் உருகுதுங்க மிஸ்" என்பார். ரப்பர் உருகுகிற இடத்தில் வெறுங்காலோடு நிற்கிற மனுசனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

கோயிலிலேயே காலைக் காட்டச் சொன்னேன். "சாமி காலையா சந்தேகப்படுறீங்க?" என்று கூட்டம் முறைத்தது. எனக்கு எதற்கு வம்பு என்று நகர்ந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. அவருடைய மனைவிதான் வந்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"மிஸ், அந்த மனுசன் கால்ல நாத்தம் அடிக்குது. வெளிய யாருக்கும் சொல்லிறாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஏன் சொல்லக்கூடாது? எங்கள் பக்கம் தீமிதித்தவன் கால் சுட்டால் யாரும் காலைப் பார்க்கமாட்டார்கள், விரதத்தைத்தான் பார்ப்பார்கள். கவுச்சி தின்றிருப்பான், பொண்டாட்டியோடு படுத்திருப்பான் என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். இவர் தீமிதித்தது மகளுக்காக. இரண்டு தடவை கரு கலைந்த அந்தப் பிள்ளை இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். அப்பன் கால் சுட்டது தெரிந்தால் ஊரின் கண் அவள் வயிற்றில்தான் விழும்.

டொக்டரிடம் சொல்லி அவரை வார்டில் சேர்த்தோம். சீனி ஏறிவிட்டதென்று ஊருக்குச் சொல்லச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, சீனி சிவனொளிபாத மலையையே ஏறியிருந்தது. பாதத்தில் அப்பியிருந்த மஞ்சளையும் திருநீறையும் கழுவினால் உள்ளே சீழ், சின்னவிரல் கறுத்துக் கிடந்தது. "அடப்பாவி மனுசா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பார்வையாளர் நேரத்தில் காலைத் தொட்டுக் கும்பிட ஒரு படையே வந்தது. தொற்று வரும், தள்ளி நில்லுங்கள் என்று வாசலில் நின்று விரட்டினேன்.

விரலை எடுக்காவிட்டால் காலே போய்விடும், நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றார் டொக்டர். நம்மாள் மசியவில்லை.

"அம்மன் காப்பாத்துன காலு மிஸ். கத்தி வைக்க விடமாட்டேன்."

எனக்குப் பொறுமை போயிற்று. கண்ணை மூடச் சொல்லி, புண் இல்லாத மற்றக் காலைப் பேனாவால் அழுத்தினேன். தொட்டதும் சொல்லச் சொல்லியிருந்தேன். "ம், தொடுங்க" என்று காத்துக்கொண்டே இருந்தார். கட்டிலருகே நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணைத் திறந்து, காலில் பேனா ஊன்றியிருப்பதை அவரும் பார்த்தார்.

"தீய அம்மன் குளிர வைக்கலைங்க. ஒங்க நரம்பு செத்துப்போச்சு. அன்னிக்குத் தீயில்ல, கொதிக்கிற எண்ணெய ஊத்தியிருந்தாலும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். பயந்துபோய்ச் சம்மதிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் அழ ஆரம்பித்தார், விரலுக்காக இல்லை.

"அப்ப வலியே இல்லாமத்தான் நடந்தேனா? வலியத்தானே மிஸ் அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். சும்மா நடந்துட்டு வந்திருக்கேனே. எம்புள்ளைக்காக ஒண்ணுமே குடுக்கலையே!"

அவர் காலில் ஊன்றியிருந்த பேனாவை எடுத்துக்கொண்டேன். இந்த நாக்கை வைத்துக்கொண்டு எதற்குத்தான் தாதி வேலைக்கு வந்தேனோ என்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்.

"வெரல வெட்டுனா வலிக்குமா? எலும்புக்குள்ளயாச்சும் வலிக்கும்தானே?"

வலிக்காது என்று சொன்னால் விரலோடு காலும் போகும். வலிக்கும் என்று சொன்னால் கால் மிஞ்சும். பயிற்சியில் இதற்கெல்லாம் யாரும் பாடம் எடுக்கவில்லை.

"வலிக்கும்ங்க. உசிரு போறாப்ல வலிக்கும்" என்றேன்.

"அப்பச் சரி. வெட்டட்டும்."

அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அம்புலன்ஸில் ஏற்றும்போது, மனைவிக்குக் கேட்காமல் என்னைக் குனியச் சொன்னார்.

"அங்க இருக்கிற டொக்டர்கிட்ட நீங்க சிங்களத்துல சொல்லுங்க மிஸ். மரத்துப்போற ஊசி எனக்கு வேணாம். புள்ளைக்கு நேந்தது, முழுசா வலிக்கட்டும்."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது?